கிரஹாம் கிரீனைப் பற்றி எழுதும்போது எங்கெல்லாம் சறுக்குகிறோம்?

முதல் சறுக்கல் பெயரிலேயே காத்திருக்கிறது. கிரஹாம் கிரீன் என்றால் நம்மில் பலருக்கு ஆங்கில நாவலாசிரியர்தான் நினைவுக்கு வருவார். ஆர். கே. நாராயணின் முதல் நாவலுக்குப் பதிப்பாளர் கிடைக்க வழிசெய்தவர், 1991இல் மறைந்தவர். நாம் பேசப்போவது கனடாவின் ஒனைடா பழங்குடியைச் சேர்ந்த நடிகரைப் பற்றி. இருவரையும் குழப்பிக்கொள்வது நினைப்பதைவிட எளிது. நாவலாசிரியர் திரைக்கதைகளும் எழுதியிருக்கிறார், போதாக்குறைக்கு 1973இல் ஒரு பிரெஞ்சுப் படத்தில் தலைகாட்டவும் செய்தார். படப் பட்டியலை அப்படியே அள்ளிக்கொண்டு வருவதற்கு முன் வருடத்தையாவது பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது, ‘அமெரிக்க செவ்விந்திய நடிகர்’ என்று ஒரே வீச்சில் எழுதிவிடுவது. கிரீன் 1952 ஜூன் 22 அன்று பிறந்தது ஒன்டாரியோ மாகாணத்தில், கிராண்ட் ஆற்றங்கரையில் உள்ள ‘ஆறு தேசங்கள்’ நிலப்பகுதியின் ஓஸ்வீகன் என்ற ஊரில். மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனகா, டஸ்கரோரா ஆகியோர்தான் அந்த ஆறு தேசத்தார். இன்றைய நியூயார்க் மாநிலப் பகுதியில் வாழ்ந்த இவர்களில் ஒரு பெரும்பகுதியினர் அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டனின் பக்கம் நின்று, போருக்குப் பிறகு 1784இல் அளிக்கப்பட்ட நிலத்தில் குடியேறினார்கள். எல்லைக்கோடு அவர்கள் வாழ்விடத்தின் குறுக்கே வந்து விழுந்த கதை இது. ஆகவே ‘ஒனைடா நடிகர், கனடாக்காரர்’ என்று எழுதினாலே போதும், சரியாக இருக்கும்.

இனி பெரிய தவறுக்கு வருவோம். அவர் வாழ்க்கையே 1990இல், ‘டான்சஸ் வித் வுல்வ்ஸ்’ படத்தோடுதான் தொடங்கியது போல எழுதுகிறார்கள். அந்தப் படத்தின் இயக்குநரும் நாயகனுமான கெவின் காஸ்ட்னர் யாரோ ஒருவரைக் கண்டெடுத்து வந்து கேமராவின் முன் நிறுத்தினார் என்ற எண்ணம் படிப்பவர் மனதில் தங்கிவிடுகிறது. உண்மையில் அப்போது கிரீனுக்கு 38 வயது. வெல்டராக, தச்சராக, ராக் இசைக்குழுக்களின் ஒலிப் பணியாளராக வேலை பார்த்தவர். 1974இல் பழங்குடியினருக்கான நாடகப் பள்ளியில் பயிற்சி முடித்து, டொரான்டோவிலும் இங்கிலாந்திலும் மேடையேறியவர். 1979இல் தொலைக்காட்சிக்கு வந்தார், 1983இல் திரைப்படத்துக்கு. அந்த முதல் படம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற, லகோட்டா பழங்குடியைச் சேர்ந்த ஓட்டக்காரர் பில்லி மில்ஸின் கதை. நாயகன் வேடம் பழங்குடியினர் அல்லாத ஒருவருக்கு. கிரீனுக்குக் கிடைத்தது சின்ன வேடம். அந்தக் காலத்துத் திரையுலகம் எப்படி இருந்தது என்பதற்கு இந்த ஒரு தகவலே போதும்.

மேடையில் நிலைமை வேறு. 1982இல் டொரான்டோவில் ‘நேட்டிவ் எர்த்’ நாடகக் குழு உருவானபின், பழங்குடியினரே எழுதி, பழங்குடியினரே நடிக்கும் நாடகங்களுக்கு ஓர் இடம் கிடைத்தது. க்ரீ பழங்குடியைச் சேர்ந்த நாடகாசிரியர் டாம்சன் ஹைவே எழுதிய ‘டிரை லிப்ஸ் ஆட்டா மூவ் டு காபுஸ்காசிங்’ 1989இல் அரங்கேறியது. ஏழு ஆண்களும், நானபுஷ் என்னும் மாயவித்தைக்காரத் தெய்வமும் சேர்ந்த கதை. சிரிக்கச் சிரிக்கத் தொடங்கி வயிற்றைப் பிசையும் இடத்துக்குக் கொண்டுபோகும். அதில் நடித்ததற்காக டொரான்டோ நாடக உலகின் டோரா விருது கிரீனுக்குக் கிடைத்தது. ஹாலிவுட் அழைக்கும் முன்பே அவர் பரிசு பெற்ற மேடை நடிகர். இந்தப் பத்தி இல்லாத வாழ்க்கைக் குறிப்பு எனக்குப் பாதிக் குறிப்புதான்.

‘டான்சஸ் வித் வுல்வ்ஸ்’ படத்தைப் பற்றி எழுதும்போது இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். அதில் அவர் பேசியது தாய்மொழி அல்ல. லகோட்டா மொழி வசனங்களைப் பயிற்சியாளரிடம் கற்றுக்கொண்டு பேசினார். ஒனைடா மொழிக்கும் லகோட்டாவுக்கும் உறவே இல்லை, இரண்டும் வெவ்வேறு மொழிக்குடும்பங்கள். ‘தன் மக்களின் மொழியில் உருக்கமாகப் பேசினார்’ என்று எழுதினால் அவர் உழைப்பை இயல்பு என்று தள்ளிவிடுகிறோம். இன்னொன்று, படத்தில் அவர் ஏற்ற வேடத்தின் பெயர் கிக்கிங் பேர்ட். அந்தப் பெயரில் 19ஆம் நூற்றாண்டில் ஒரு தலைவர் உண்மையிலேயே வாழ்ந்தார். ஆனால் அவர் கயோவா இனத்தவர். மூல நாவலில் வருவது கொமான்ச்சி மக்கள், படத்தில்தான் லகோட்டா ஆனார்கள். வரலாற்றுப் பாத்திரம் என்று எழுதுவதற்கு முன் இந்த முடிச்சுகளைப் பார்க்க வேண்டும்.

ஆஸ்கர் விஷயம் சுருக்கமானது. அந்தப் படத்துக்காக அவர் சிறந்த துணை நடிகருக்கான பரிந்துரை பெற்றார். விருது ஜோ பெஸ்கிக்குப் போனது. ‘ஆஸ்கர் நாயகன்’ என்பதும் பிழை, ‘பரிந்துரை பெற்ற முதல் பழங்குடி நடிகர்’ என்பதும் பிழை. அவருக்கு 20 ஆண்டுகள் முன்பே ‘லிட்டில் பிக் மேன்’ படத்துக்காகச் சீஃப் டான் ஜார்ஜ் அதே பிரிவில் பரிந்துரை பெற்றுவிட்டார். ‘முதல்’ என்று கை துறுதுறுக்கும் இடத்திலெல்லாம் ஒரு நிமிடம் நிற்பது நல்லது.

இன்னொரு தவறு, எனக்கு எரிச்சலூட்டுவது: இறுகிய முகம், நிதானமான குரல், ஞானியின் பார்வை என்று அவரை ஒரு சிலையாக வர்ணிப்பது. பழங்குடியினர் எப்படிப் பேசுவார்கள் என்று படமெடுப்பவர்கள் தாங்களே நினைத்துக்கொண்டதை வசனமாக எழுதி நீட்டுவார்கள் என்று தொடக்க காலத்தைப் பற்றி அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். நாமும் அதையே செய்தால் எப்படி? அவர் நகைச்சுவைக்காரர். கனடாவின் ‘ரெட் கிரீன் ஷோ’ தொடரில் வெடிவைப்பதில் பைத்தியமாக அலையும் ஆளாக வந்தார், குழந்தைகள் தொடரில் சிடுமூஞ்சி மரமாகவும் நடித்தார். 1995இல் வந்த ‘டை ஹார்ட்’ மூன்றாம் பாகத்தில் நியூயார்க் போலீஸ் துப்பறிவாளர். பாத்திரத்தின் இனம் அங்கே பேச்சே இல்லை. ‘ஸ்கின்ஸ்’ படத்தில் குடியில் கரையும் வியட்நாம் போர்வீரர். ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ தொடரில், உலகமே அழிந்தபின்னும் மனைவியோடு வாயாடிக்கொண்டு குடிலில் காலம் தள்ளும் கிழவர். அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் அவரைச் சிலை என்று சொல்லமாட்டார்கள்.

2007இல் ஸ்ட்ராட்ஃபோர்ட் நாடக விழாவில் ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில் வட்டிக்காரர் ஷைலக்காக நடித்தார். 2025 செப்டம்பர் 1 அன்று, 73 வயதில், மறைந்ததும் ஸ்ட்ராட்ஃபோர்டில்தான். இந்த ஊர் ஒன்டாரியோவில் இருக்கிறது, ஆற்றின் பெயரும் ஏவன்தான். ஷேக்ஸ்பியர் பிறந்த இங்கிலாந்து ஊரின் படத்தைப் போட்டுவிடாதீர்கள்.