விண்வெளி நினைவு வாட்ச் வாங்குவதும் கடற்காற்றில் காப்பதும்

விண்வெளிப் பயணங்களின் நினைவாக வந்த வாட்ச் வாங்கும்போது எல்லோரும் முதலில் டயலைப் பார்க்கிறார்கள், ஏமாறுவதும் அங்கேதான். பழைய எச்எம்டி, சீக்கோ வாட்சுகளுக்குப் புது டயல் அச்சடித்து மாட்டி விற்பது நம் நாட்டில் நெடுநாளாக நடக்கிறது. டயலில் ராக்கெட் இருப்பதால் ஒன்றும் நிரூபணமாகாது. பின்மூடியைத் திறந்து எடுத்த படம் கேளுங்கள். தர மறுப்பவரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம்.

எண்ணிட்ட வெளியீடு என்றால் மொத்த எண்ணிக்கையை முன்பே தெரிந்து வையுங்கள். நிலவுக்குப் போன வீரர்கள் கட்டியது ஒமேகாவின் ஸ்பீட்மாஸ்டர். 2003-ல் விட்ட ஸ்னூப்பி ஸ்பீட்மாஸ்டர் மொத்தம் 5,441. அப்பல்லோ 13 பயணம் 142 மணி 54 நிமிடம் 41 வினாடி நீடித்ததால், கடைசி 54-ம் 41-ம் சேர்ந்து அந்த எண். நிலவில் இறங்கிய 40-ஆம் ஆண்டுக்கு 2009-ல் 7,969. 50-ஆம் ஆண்டுக்கு 2019-ல் எஃகில் 6,969, தங்கத்தில் 1,014. 1969-ல் வந்த தங்க ஸ்பீட்மாஸ்டரும் 1,014தான். பின்மூடியில் இந்த எல்லையைத் தாண்டிய எண் இருந்தால் அது போலி. ஒமேகாவும் ஸ்வாட்சும் சேர்ந்து 2022-ல் விட்ட மூன்ஸ்வாட்ச் எண்ணிட்டு விற்ற பொருளே இல்லை. அதற்கு 'அரிய வாட்ச்' விலை கொடுப்பது வீண்.

பழைய ஸ்பீட்மாஸ்டர் என்றால் இன்னும் இரண்டு பார்வை. பிளாஸ்டிக் கண்ணாடியின் நடுமையத்தில், லென்ஸ் வைத்தால் மட்டும் தெரியும் அளவில், ஒமேகா சின்னம் இருக்க வேண்டும். இல்லையென்றால் கண்ணாடி மாற்றப்பட்டிருக்கிறது. அது பெரிய குறையல்ல, விலை பேச ஒரு பிடி. அடுத்து, ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா டார்ச்சை இருட்டில் அடியுங்கள். டயலின் கீழ் விளிம்பில் 'டி' எழுத்துகள் உள்ளவை, இருட்டில் ஒளிரும் டிரிட்டியம் பூசியவை. பழைய டிரிட்டியம் டார்ச்சை அணைத்ததும் மங்கிவிடும். நெடுநேரம் பளிச்சென்று மின்னினால் புதிதாகப் பூசியிருக்கிறார்கள்.

பெரிய ஏல நிறுவனம் விற்றால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். 2021-ல் ஜெனீவாவில் 30 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போன பழைய ஸ்பீட்மாஸ்டர், பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியது என்று 2023-ல் ஒமேகாவே அறிவித்தது.

கையிருப்பு குறைவு என்றால் சீக்கோ 6139தான் நல்ல தொடக்கம். 1973 நவம்பரில் ஸ்கைலேப் 4 பயணத்தில் அமெரிக்க விண்வெளி வீரர் வில்லியம் போக் கட்டிச் சென்றது மஞ்சள் டயல் போட்ட 6139-6005. பின்மூடி வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம்: 38 என்று தொடங்கினால் 1973 ஆகஸ்ட். டயலின் அடிவிளிம்பில் 6139 என்று தொடங்கும் பொடி எழுத்து இருக்கிறதா பாருங்கள். மறு அச்சு டயல்களில் அது விட்டுப்போகும், அல்லது தடித்து மங்கியிருக்கும். இதற்குச் சாவி கொடுக்க முடியாது. குமிழைத் திருகினால் டயலைச் சுற்றியுள்ள உள்வளையம் மட்டும் சுழலும். அதைப் பழுது என்று சொல்லி விலை குறைக்கப் பார்த்தால் விற்பவர் சிரிப்பார். வளையம் சுழலவில்லை என்றால்தான் பழுது: அதைத் திருப்பும் சிறு பல்சக்கரம் தேய்ந்திருக்கும். பொத்தானை அழுத்தினால் நீள வினாடி முள் சரியாக 12-க்குத் திரும்புகிறதா என்றும் சோதியுங்கள். எண்ணெய் காய்ந்தவை நடுவில் நின்றுவிடும்.

வாங்குவதைவிடக் காப்பாற்றுவதுதான் நம் ஊரில் பெரிய வேலை. 1965-ல் நாசா ஸ்பீட்மாஸ்டரை 95 சதவீத ஈரப்பதத்தில் 240 மணி நேரம் வைத்துச் சோதித்தது. ஆனால் அது புது வாட்ச். ஐம்பது வருட ரப்பர் வளையம் குளச்சல், முட்டம் பக்கக் காற்றைத் தாங்காது.

காற்றுப் புகாத டப்பாவில் கொஞ்சம் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சிறிய ஈரமானி ஒன்று. முள் 45-க்கும் 55-க்கும் இடையே நிற்கட்டும். அதற்கும் கீழே போனால் தோல் பட்டை வெடிக்கும். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானதும் 110 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறம் வரும். தோல் பட்டையைக் கழற்றித் தனியே வையுங்கள். வியர்வை உப்பு அதில்தான் தங்கும். பழைய பெட்டிக்குள் வாட்சை வைக்கவே வேண்டாம். உள்ளே உள்ள ஸ்பாஞ்ச் பொடிந்து உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். சான்றிதழை பிவிசி உறையில் போடாதீர்கள், எழுத்து உறையோடு ஒட்டி வந்துவிடும். பாலியஸ்டர் உறை வாங்குங்கள். குவார்ட்ஸ் வாட்சைப் பூட்டி வைப்பதானால் பேட்டரியை எடுத்துவிடுங்கள்.

கண்ணாடிக்குள் பனி படர்ந்தால் அரிசியில் புதைப்பதும் வெயிலில் வைப்பதும் கூடாது. அன்றைக்கே ரிப்பேர்காரரிடம் கொண்டுபோய்ப் பின்மூடியைத் திறந்து உலர்த்துங்கள். தள்ளிப்போட்டால் உள்ளே துரு ஏறத் தொடங்கிவிடும்.

கடைசியாக, நம் குமரி மாவட்டத்துக்கே உரிய ஒரு வழி. எல்லைக்கு அப்பால் இஸ்ரோவின் ராக்கெட் என்ஜின் சோதனை நிலையம் உள்ள மகேந்திரகிரி, அந்தப் பக்கம் ராக்கெட் ஏவுதளம் உள்ள தும்பா. இஸ்ரோவில் வேலை பார்த்தவர்கள் இங்கே பலர். இஸ்ரோ தலைவராக இருந்த கே.சிவன் சரக்கல்விளைக்காரர், 2025-ல் பொறுப்பேற்ற வி.நாராயணன் மேலக்காட்டுவிளைக்காரர். ஓய்வு பெற்ற அண்ணாச்சிகள் வீட்டில் சின்னம் பொறித்த பரிசு வாட்ச் கிடந்தால், அது கடையில் விலைக்கு வந்ததே இல்லை. விற்கச் சம்மதித்தால் வாட்சோடு மூன்று விஷயம் கேளுங்கள்: எந்தத் திட்டத்துக்காக, எந்த ஆண்டு, யார் கையால் கொடுத்தது. அவர் கையெழுத்தில் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். விழாப் படமோ அழைப்பிதழோ இருந்தால் நகல் எடுங்கள். பின்மூடியில் அவர் பெயர் இருந்தால் மெருகு போடும் ரிப்பேர்காரரிடம் அந்த மூடியைக் கொடுக்காதீர்கள். ஒரு தேய்ப்பில் எழுத்து போய்விடும், பாதி விலையும் அதோடு போகும்.