இரண்டு டம்ளர், இரண்டு பிஸ்கட், ஓர் உப்பு டப்பா: கால்பந்து பார்க்கப் பழகலாம்

2022 நவம்பர் 22, மதியம் மூன்றரை மணி. உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவுக்கும் சவூதி அரேபியாவுக்கும் ஆட்டம். அம்மா டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மெஸ்ஸி பெனால்டியில் ஒரு கோல் போட்டிருந்தார். அதற்கப்புறம் இடைவேளைக்குள் அர்ஜென்டினா இன்னும் மூன்று தடவை பந்தை வலைக்குள் தள்ளியது. மூன்றும் செல்லாது என்றார்கள். "உள்ளதானடா போச்சு? ஏன் இல்லங்கறாங்க?"

அன்றைக்கு அந்த டீ மேசையிலேயே அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்த முறைதான் இது. கால்பந்துக்கு மொத்தம் 17 விதிகள். பெரும்பாலானவை பார்க்கப் பார்க்கத் தானாகப் பிடிபடும். பதினோராவது விதியான ஆஃப்சைடுக்குத்தான் மேசை தேவை.

படி 1: ஆளும் நேரமும்

அணிக்கு 11 பேர், அதில் ஒருவர் கோல்கீப்பர். 45 நிமிடமாக இரண்டு பாதி. அடிபட்டோ ஆள் மாற்றியோ வீணாகும் நேரத்துக்காகக் கடிகாரத்தை நிறுத்த மாட்டார்கள். ரெஃப்ரி கணக்குப் பார்த்துக் கடைசியில் சேர்த்துத் தருவார். ஆட்டத்துக்குள் கையால் பந்தைத் தொட கோல்கீப்பருக்கு மட்டும் அனுமதி, அதுவும் தன் கோலுக்கு முன்னால் கோடு போட்டிருக்கும் பெனால்டி பகுதிக்குள்.

படி 2: கோடு

பந்து முழுசாகக் கோட்டைத் தாண்டினால்தான் வெளியே. கோலுக்கும் அதே கணக்கு. பந்து தரையில் படும் இடம் கோட்டுக்கு வெளியே இருக்கலாம். அதன் வயிற்றுப்பகுதி கோட்டுக்கு நேர் மேலே கொஞ்சம் இருந்தாலும் ஆட்டம் தொடரும். அதே உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கு எதிராக ஜப்பான் போட்ட இரண்டாவது கோல் இப்படித்தான் மில்லிமீட்டர் கணக்கில் பிழைத்தது.

பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டினால், கடைசியாகத் தொட்டவரின் எதிரணிக்குத் த்ரோ இன், அதாவது கையால் உள்ளே எறிவது. கோல் இல்லாமல் கோல் கோட்டைத் தாண்டினால், தாக்கியவர்கள் கடைசியாகத் தொட்டிருந்தால் கோல் கிக் (தடுத்தவர்கள் தங்கள் கோலுக்கு முன்னிருந்து உதைப்பது), தடுத்தவர்கள் என்றால் கார்னர் (தாக்கியவர்கள் மூலையிலிருந்து உதைப்பது).

படி 3: ஃபவுல்

தள்ளுவது, சட்டையை இழுப்பது, காலை இடறிவிடுவது எல்லாம் ஃபவுல். எதிரணிக்கு ஃப்ரீ கிக். தன் பெனால்டி பகுதிக்குள் செய்தால் 11 மீட்டரிலிருந்து பெனால்டி, அதாவது கோல்கீப்பர் மட்டும் தடுக்க நிற்க, கோலைப் பார்த்து ஓர் உதை. மஞ்சள் அட்டை எச்சரிக்கை. இரண்டாவது மஞ்சள் வந்தால் சிவப்பு, ஆட்டத்தைவிட்டு வெளியே. வெளியே போனவருக்குப் பதில் ஆள் கிடையாது.

2010 உலகக் கோப்பைக் கால் இறுதியில் கானாவின் கோலைக் கோட்டில் நின்று கையால் தடுத்தார் உருகுவேயின் சுவாரஸ். சிவப்பு அட்டை, பெனால்டி. கானாவின் கியான் அடித்தது மேல் கம்பியில் பட்டுப் போனது. பிறகு பெனால்டி ஷூட் அவுட்டில், அதாவது இரண்டு அணிகளும் மாறி மாறிப் பெனால்டி அடிப்பதில், உருகுவே ஜெயித்தது. சட்டப்படி எல்லாம் சரிதான். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

படி 4: ஆஃப்சைட்

மேசை விளிம்புதான் கோல் கோடு. அதை ஒட்டி உப்பு டப்பா, அதாவது கோல்கீப்பர். ஒரு சாண் தள்ளி இரண்டு டம்ளர்களைப் பக்கம் பக்கமாக வையுங்கள், அவர்கள் தடுப்பாட்டக்காரர்கள். டம்ளர்களுக்கு இந்தப் பக்கம் ஒரு மேரி பிஸ்கட், அதன் காலடியில் பந்துக்குப் பதிலாக ஒரு வேர்க்கடலை. டம்ளர்களைத் தாண்டி, உப்பு டப்பாவுக்கு முன்னால் ஒரு கிரீம் பிஸ்கட்.

மேரி கடலையைக் கிரீமுக்குத் தட்டட்டும். ஆஃப்சைட்! கோல் போட்டாலும் செல்லாது. கிரீமுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியில் ஒருவர்தான், இருவராவது வேண்டும்.

கிரீமைப் பின்னால் இழுத்து டம்ளர்களுக்குச் சமமாக வையுங்கள். இப்போது தட்டினால் தப்பில்லை. 1990 முதல் சமம் என்றால் செல்லும்.

அடுத்ததில்தான் எல்லோரும் வழுக்குவார்கள். கடலை மேரியின் காலைவிட்டுக் கிளம்பும் நொடியில் கிரீம் எங்கே நின்றது என்பதே கணக்கு. சமமாக நின்று, கடலை கிளம்பியபின் டம்ளர்களைத் தாண்டி ஓடி உப்பு டப்பாவுக்கு எதிரில் வாங்கினாலும் செல்லும். பத்து தடவையாவது கையால் நகர்த்திப் பாருங்கள்.

இன்னொரு குசும்பு: உப்பு டப்பாவை முன்னால் இழுத்துவிட்டு, ஒரு டம்ளரை மட்டும் விளிம்பில் நிறுத்துங்கள். கிரீம் இரண்டுக்கும் நடுவில். டம்ளர் இருக்கிறதே என்று தோன்றும், ஆனாலும் ஆஃப்சைட். கோல்கீப்பரும் எண்ணிக்கையில் ஒருவர், அவ்வளவுதான். 2010 உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டத்தில் மெக்சிகோவின் வேலா போட்ட கோல் இதனால்தான் போயிற்று.

தன் பாதி மைதானத்தில் நின்றாலும், பந்துக்குப் பின்னால் நின்றாலும் ஆஃப்சைட் வராது. த்ரோ இன், கோல் கிக், கார்னரிலிருந்து நேராக வாங்கினாலும் வராது.

சவூதிக்காரர்கள் அன்று டம்ளர்களை நடுக்கோட்டுப் பக்கமாகவே ஏற்றி வைத்து ஆடினார்கள். அர்ஜென்டினாவின் கிரீம்கள் அரை நொடி முந்திக் கிளம்பிக்கொண்டே இருந்தார்கள். முடிவில் 2-1, சவூதிக்கு வெற்றி.

கோல் என்று கத்தவிட்டு அப்புறம் ஏன் இல்லை என்கிறார்கள்? வீடியோ ரெஃப்ரி வந்தபிறகு, சந்தேகம் இருந்தால் லைன்ஸ்மேன் உடனே கொடி தூக்குவதில்லை. அந்தத் தாக்குதல் முடியட்டும் என்று காத்திருப்பார். அதனால் பந்து வலைக்குள் போனதும் ஓரத்தில் கொடியோடு நிற்பவரைப் பாருங்கள். அம்மா இப்போது அப்படித்தான். கொடி கீழேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டீ டம்ளரை வைத்துவிட்டுக் கை தட்டுகிறார்.