துப்பாக்கி சுடும் ரேஞ்சில் முதல் நாள்: திரும்பிப் பார்க்காமல் பதில் சொல்லப் பழகுங்கள்

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது, ராமநாதபுரம் பக்கம் நடந்த ஒரு முகாமில்தான் முதன்முதலாக .22 ரைஃபிளைத் தொட்டேன். 25 மீட்டரில் டார்கெட், தரையில் குப்புறப் படுத்துச் சுட வேண்டும். பக்கத்தில் படுத்திருந்த பையனின் துப்பாக்கி வெடிக்கவில்லை. "சார், சுடலை சார்" என்றபடியே பின்னால் திரும்பினான். அவன் திரும்ப, ரைஃபிளும் கூடவே திரும்பியது. பேரல் முனையில் மிளகளவு ஓட்டை. அது ஒரு கணம் என் முகத்துக்கு நேரே நின்றது. ஹவில்தார் பாய்ந்து வந்து பேரலைப் பிடித்து மணலோடு அழுத்தினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த ஓட்டை மட்டும் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

அவன் நல்ல பையன்தான். பெரியவர்களிடம் பேசும்போது முகம் பார்த்துப் பேச வேண்டும் என்று நமக்கெல்லாம் சின்ன வயதிலேயே சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அதைத்தான் அவன் செய்தான். ரேஞ்சில் அந்தப் பழக்கமே ஆளைக் கொன்றுவிடும். இப்போது ஏர் ரைஃபிள் (காற்றழுத்தத்தால் சுடும் துப்பாக்கி) பழக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லித் தருவது இதைத்தான்.

1. பெட்டியைத் திறப்பது

வாசலிலோ, நண்பர்கள் கூடி நிற்கும் இடத்திலோ துப்பாக்கிப் பெட்டியைத் திறக்காதீர்கள். சுடும் கோட்டுக்குப் போய், உங்கள் மேசையில் வைத்து, பேரல் டார்கெட்டைப் பார்க்கும்படி திறக்க வேண்டும். பேரலுக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு நீள இழை செருகியிருக்கும். அதுதான் சேஃப்டி ஃபிளாக். உள்ளே குண்டு இல்லை என்று எல்லோருக்கும் காட்டும் அடையாளம். சர்வதேசப் போட்டிகளிலும் இது கட்டாயம். அது செருகியிருந்தாலும் பேரலை யார் பக்கமும் திருப்பக் கூடாது. "காலியாத்தான் இருக்கு" என்ற பேச்சே ரேஞ்சில் கிடையாது.

2. கட்டளைக்குக் காத்திருப்பது

கோச் 'லோட்' என்று சொன்ன பிறகுதான் பெல்லட்டை, அதாவது ஏர் ரைஃபிளின் சின்னக் குண்டை, போட வேண்டும். 'ஸ்டார்ட்' என்றால் சுடலாம். சுடத் தயாராகும் வரை விரல் டிரிகருக்கு வெளியேதான் இருக்க வேண்டும். 'ஸ்டாப்' என்ற சத்தம் கேட்டால், டிரிகரைப் பாதி அழுத்தியிருந்தாலும் விட்டுவிட வேண்டும். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால், கடல் அமைதியாகத்தானே இருக்கிறது என்று யாராவது படகை இறக்குகிறோமா? அதே மாதிரிதான் இதுவும். ஆபத்து கண்ணில் பட்டால் யார் வேண்டுமானாலும் 'ஸ்டாப்' என்று கத்தலாம், புதிதாக வந்தவரும்கூட. அதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

3. துப்பாக்கி சுடவில்லை என்றால்

உடம்பை அசைக்காதீர்கள். பேரல் டார்கெட்டையே பார்க்கட்டும். டிரிகரிலிருந்து விரலை எடுத்துவிட்டு, மற்றொரு கையை உயர்த்துங்கள். கோச் பின்னால் வந்து "என்னப்பா?" என்று கேட்டால், டார்கெட்டைப் பார்த்தபடியே பதில் சொல்லுங்கள். இங்கே அதுதான் மரியாதை. .22 ரைஃபிள் என்றால் 30 நொடியாவது அப்படியே காத்திருக்க வேண்டும், தோட்டா சற்றுத் தாமதமாக வெடிக்கலாம். வீட்டிலேயே இதைப் பழகலாம். ஒரு குச்சியைச் சுவரைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். பின்னாலிருந்து அம்மாவோ தம்பியோ பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். முதல் பத்து தடவையும் குச்சி திரும்பும், பார்த்துக்கொண்டே இருங்கள்.

4. டார்கெட் தாளை மாற்றப் போவது

எல்லாத் துப்பாக்கியும் அன்லோட் ஆகி, மேசையில் இறங்கி, கோச் அனுமதி சொன்ன பிறகுதான் கோட்டைத் தாண்ட வேண்டும். ஒருவர் முன்னால் போயிருக்கும்போது மற்றவர்கள் துப்பாக்கியைத் தொடவே கூடாது. துடைப்பதற்கும் கூடாது. உப்புக்காற்றில் துரு ஏறுமே என்று சிலர் அந்த நேரத்தில்தான் துணியை எடுப்பார்கள். துரு பத்து நிமிடம் பொறுக்கும்.

5. பக்கத்தில் இருப்பவர்

பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில், பத்து மதிப்பெண் தரும் புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். கடலூரில் பிறந்த இந்தியத் துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் போட்டியிடுவது இந்தப் பிரிவில்தான். மூச்சைக் கட்டி அந்தப் புள்ளியைப் பிடித்து நிற்பவரிடம் "அண்ணே, எத்தனை பாயிண்ட்?" என்று கேட்காதீர்கள். போனை அணைத்து வையுங்கள். அவர் துப்பாக்கியைக் கேட்காமல் தொடாதீர்கள். தவறிப்போய் அவர் டார்கெட்டில் சுட்டுவிட்டால் உடனே கை தூக்கிச் சொல்லிவிடுங்கள், மறைத்தால் அவருடைய கணக்கு கெடும்.

கடற்கரையில் சுடலாமா?

பழக வரும் ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒரு பிள்ளையாவது இதைக் கேட்கிறது. வேண்டவே வேண்டாம். தட்டைக்கல்லைத் தண்ணீரில் வீசினால் தத்தித் தத்திப் போகிறதல்லவா? தாழ்வாகச் சுட்ட குண்டும் தண்ணீரில் பட்டு அப்படித்தான் எழும்பிப் போகும். .22 குண்டு ஒரு கிலோமீட்டர் தாண்டியும் போகக் கூடியது, அங்கே வலை இழுப்பவர் இருப்பார். ஏர் ரைஃபிளால் பறவையைச் சுடுவதும் விளையாட்டு இல்லை. தனுஷ்கோடிக்கு வரும் பூநாரையைச் சுட்டால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

6. முடித்துக் கிளம்பும்போது

அன்லோட் செய்து, கோச்சிடம் காட்டி, ஃபிளாக்கைச் செருகி, பெட்டியை அங்கேயே மூடுங்கள். பெல்லட் ஈயத்தால் ஆனது. வலை கட்டும் வீட்டிலிருந்து வந்த ஒரு தம்பி, வலையில் கட்டும் ஈயக்குண்டை வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கத்தில் நான்கு பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொண்டு நின்றான். துப்பச் சொல்லி வாய் கொப்பளிக்க வைத்தேன். ஈயம் உடம்பில் சேர்ந்தால் மூளையையும் நரம்பையும் கெடுக்கும், அதிலும் வளரும் பிள்ளைகளுக்கு. ரேஞ்சுக்குள் வடை, முறுக்கு எதுவும் வேண்டாம். சோப்புப் போட்டு மணிக்கட்டு வரை கழுவிவிட்டு, அப்புறம் டீக்கடைக்குப் போங்கள்.