மாஸ்டரா, செஃப்பா, பாவர்ச்சியா: வேலூர்ப் பக்கத்துச் சமையல்கட்டில் யாரை என்னவென்று அழைப்பது

ஓட்டல் வாசலில் 'மாஸ்டர் தேவை' என்று மட்டும் எழுதிப் போட்ட பலகை பாதிப் பலகைதான். டீ மாஸ்டரும் வருவார், பரோட்டா மாஸ்டரும் வருவார், சில சமயம் தையல் மாஸ்டர்கூட எட்டிப் பார்ப்பார். நம் ஊர்ப் பேச்சில் 'மாஸ்டர்' தனியாக நிற்காது. முன்னால் ஒரு சொல் சேர்ந்தால்தான் அவர் எந்த அடுப்புக்குச் சொந்தக்காரர் என்பது தெரியும். 'செஃப்' அப்படியில்லை. தனக்குக் கீழே எத்தனை பேர் என்பதைச் சொல்லும் பட்டம் அது. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் ஆள் எடுப்பதிலும், கல்யாண ஆர்டர் கொடுப்பதிலும், வேலைக்கு மனு எழுதுவதிலும் வரும் குழப்பம் பெரும்பாலும் தீரும்.

முதலில் செஃப். பிரெஞ்சில் 'தலைவர்' என்று பொருள். லத்தீனில் தலையைக் குறிக்கும் 'காபுட்' என்பதே வேர். ஆங்கிலத்துச் 'சீஃப்' இதன் உடன்பிறப்பு. 'ஷெஃப் த குசின்' என்றால் சமையல்கட்டின் தலைவர். அதைச் சுருக்கித்தான் வெறும் ஷெஃப் ஆக்கினார்கள். பிரெஞ்சுக்காரரிடம் ஷெஃப் என்றால் சமையல்காரர் மட்டும் அல்ல. ரயில் நிலைய அதிகாரியை அவர்கள் 'ஷெஃப் த கார்' என்பார்கள். காட்பாடி ஜங்ஷனில் நாம் ஸ்டேஷன் மாஸ்டர் என்போமே, அதேதான். மாஸ்டரும் ஷெஃப்பும் ரயிலடியில் ஒருவரே. சமையல்கட்டுக்கு வந்ததும் பிரிந்துவிட்டார்கள்.

உச்சரிப்பு 'ஷெஃப்'. எழுத்தில் 'செஃப்' நிலைத்துவிட்டது, அதில் தவறில்லை. நட்சத்திர ஓட்டல் நேர்காணலில் மட்டும் 'ஷ'வில் தொடங்குங்கள். அதைவிட அடிக்கடி கேட்கும் பிழை 'கமிஸ்'. எழுத்தில் கடைசியில் ஸ் இருந்தாலும் சொல்லும்போது 'கமி'தான். செஃப் வரிசையின் கடைசிப் படி அது.

இந்த வரிசையை ஒழுங்குபடுத்தியவர் லண்டன் சவாய் ஓட்டலில் வேலை பார்த்த அகஸ்ட் எஸ்காஃபியே (1846–1935). ராணுவத்தில் இருந்த அனுபவத்தை வைத்துச் சமையல்கட்டையும் படைப்பிரிவுபோல அடுக்கினார். மேலே தலைமைச் செஃப். அவருக்கு அடுத்தவர் சூ செஃப். 'சூ' என்றால் கீழே என்று பொருள். பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு செஃப் த பார்ட்டி, கடைசியில் கமி. இந்திய ஓட்டல்களில் கமியையே 1, 2, 3 என்று பிரிக்கிறார்கள். 3 தான் புதிதாகச் சேர்பவர். கேட்டரிங் படித்துவிட்டு வந்தவர் முதல் நாளே 'நான் செஃப்' என்று அறிமுகம் செய்துகொண்டால் உள்ளே இருப்பவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்பது இப்போது விளங்கும்.

மாஸ்டர் லத்தீன் 'மாகிஸ்டெர்' வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, அங்கிருந்து நம்மிடம் வந்த சொல். ஆசான், தொழில் தேர்ந்தவன் என்று பொருள். நம் ஊரில் தையல், நடனம், சிலம்பம் என்று கைத்தொழில் இருக்கும் இடத்திலெல்லாம் ஒட்டிக்கொண்டது. சமையல்கட்டில் அதன் கிளைகள் நிறைய.

டீ மாஸ்டர் பாய்லர் பக்கம். சின்னக் கடையானால் அவரே வடையும் போடுவார். அப்படியென்றால் பலகையில் 'டீ, வடை மாஸ்டர்' என்று இரண்டையும் எழுத வேண்டும். தோசை மாஸ்டருக்குக் கல்தான் எல்லை. சரக்கு மாஸ்டர் என்றால் வெளியூர்க்காரர் வேறு மாதிரி சிரிப்பார்கள். இங்கே சரக்கு என்பது மசாலாவும் மளிகையும். சாம்பார், குருமா, ரசம், பொரியல் என்று அடுப்படியின் மொத்த ருசியும் இவர் கையில். ஓட்டலின் பெயரைக் காப்பாற்றுபவரும் கெடுப்பவரும் இவர்தான். ஆகவே ஆள் எடுக்கும்போது முதலில் இவரை எடுங்கள், மற்றவர்களைப் பிறகு பார்க்கலாம்.

பரோட்டா மாஸ்டரிடம் எத்தனை வருட அனுபவம் என்று கேட்டுப் பயனில்லை. ஒரு நாளைக்கு எத்தனை கிலோ மாவு வீசுவார் என்று கேளுங்கள். 1 கிலோ மைதாவுக்கு 550 முதல் 600 மில்லி தண்ணீர் பிடிக்கும். உப்பு, எண்ணெய் சேர்ந்து சுமார் 1.6 கிலோ மாவாகும். 80 கிராம் உருண்டை என்றால் 20 பரோட்டா. இந்தக் கணக்கைத் தயங்காமல் சொல்பவர் கல்லில் நின்றவர். மாவை ஊறப் போடாமல் உடனே வீசுகிறேன் என்பவர் கையில் மாவு கிழியும், ஆறியதும் பரோட்டா தோல்போல இழுக்கும். சால்னா இவர் வேலை அல்ல, சரக்கு மாஸ்டருடையது. இதைப் பேசி முடிக்காமல் சேர்த்துக்கொண்டால் முதல் நாள் மாலையே சண்டை. 'இன்னா மாஸ்டர், சால்னா இன்னும் ஆவலயா?' என்று பரோட்டா மாஸ்டரைப் பார்த்துக் கேட்பதுதான் அதன் ஆரம்பம்.

பிரியாணி தனி உலகம். பழைய வட ஆற்காட்டின் ஆம்பூர், வாணியம்பாடி இரண்டும் 2019-ல் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டாலும் கல்யாணத்துக்கு வேலூர் கை நீட்டுவது அந்தப் பக்கம்தான். உருது பேசும் வீடுகளில் பிரியாணி சமைப்பவர் 'பாவர்ச்சி'. பாரசீகம் வழியாக உருதுவுக்கு வந்த சொல். வங்காளத்தில் இதுவே 'பாபுர்ச்சி'. மருத்துவமனைக்காக வந்து காந்தி ரோடு விடுதிகளில் தங்கும் வங்காளிகளிடம் பாவர்ச்சி என்று சொல்லிப் பாருங்கள், மொழிபெயர்ப்பு தேவைப்படாது. தஞ்சை, நாகை, காயல்பட்டினம் பக்கம் இதே ஆளைப் 'பண்டாரி' என்பார்கள். பண்டாரி முதலில் பண்டக சாலைக்காரர், அதாவது சாமான் அறைக்குப் பொறுப்பானவர். கப்பல்களில் இந்திய மாலுமிகளுக்குச் சமைத்தவருக்கும் அதே பெயர். சாவி வைத்திருந்தவரே கரண்டியையும் பிடித்துவிட்டார் போலும்.

தமிழில் பேசும்போது 'பிரியாணி மாஸ்டர்' என்றால் எல்லோருக்கும் புரியும். நேரில் 'மாஸ்டர்' அல்லது, அவர் முஸ்லிமாக இருந்தால், 'பாய்'. பிரியாணி போடுகிறவரெல்லாம் பாய் என்று நினைத்து எல்லோரையும் அப்படி அழைப்பது அசட்டுத்தனம். பெயர் தெரியாதபோது மாஸ்டர்தான் பத்திரம். அதன் பின்னால் 'சார்' சேர்க்க வேண்டாம். ஒரே ஆளுக்கு இரண்டு தொப்பி போட்டதுபோல இருக்கும்.

ஆர்டர் கொடுக்கும்போது தலைக்கணக்கில் பேசாமல் அரிசிக் கிலோவில் பேசுங்கள். ஆம்பூர் வழியில் 1 கிலோ சீரகச் சம்பாவுக்கு 1 கிலோ கறி என்பது வழக்கம். எட்டு முதல் பத்து பேருக்கு வரும். பிறகு ஒரே ஒரு கேள்வி: 'மிளகாய ஊறவெச்சி அரைக்கிறீங்களா, தூளா?' காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதும், அரிசியைத் தனியாக அரைப்பதம் வேகவைத்து வடித்துக் கலப்பதும், தேக்சா என்கிற பெரிய பாத்திரத்தின் மூடிமேல் நெருப்பு போட்டுத் தம் கட்டுவதும் ஆம்பூர்க் கை. தூள் என்று பதில் வந்தால் அவர் வேறு வழியில் சமைப்பவர். அதுவும் நன்றாக இருக்கலாம், ஆனால் கல்யாணப் பத்திரிகையில் 'ஆம்பூர் பிரியாணி' என்று அச்சடிக்காதீர்கள். தொட்டுக்கொள்ளும் கத்திரிக்காய் அவர் கணக்கிலா உங்கள் கணக்கிலா, உதவிக்கு வரும் செட்டுக்குப் பேட்டா யார் தருவது என்பதையும் அட்வான்ஸ் கைமாறும் முன்பே பேசிவிட வேண்டும்.

அரசின் சத்துணவுத் தாள்களில் இந்தச் சொற்கள் கிடையாது. சத்துணவு மையத்தில் அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என்பவைதான் பதவிப் பெயர்கள். அங்கே மனுவில் 'குக்' என்றோ 'மாஸ்டர்' என்றோ எழுதாதீர்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும்: ஒப்பந்தத்தில் 'குக்' என்று இருந்தால் அனுபவச் சான்றும் 'குக்' என்றே இருக்கட்டும். உள்ளூர் முதலாளி மரியாதைக்காக 'செஃப்' என்று எழுதிக் கொடுத்தால் தாள்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் நிற்கும்.

தூய தமிழ் வேண்டும் என்பவருக்குச் 'சமையல் கலைஞர்' இருக்கிறது. மேடைக்கும் அழைப்பிதழுக்கும் பொருந்தும். அடுப்படியில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. பழைய தமிழில் சமைப்பவன் மடையன். மடை என்றால் சமைத்த சோறு, கோயில் மடைப்பள்ளி அதிலிருந்து வந்தது. திட்டாகப் பயன்படும் மடையனுக்கு வேர் மடமை. இரண்டும் வேறு சொற்கள்தான், ஆனாலும் கரண்டி கையில் இருக்கும் ஆளிடம் இந்தச் சொல்லாராய்ச்சியை ஆரம்பிக்க வேண்டாம்.

மெஸ்களில் நாள் முழுக்கச் சாம்பாரும் பொரியலும் இறக்குகிற பெண்ணை மட்டும் 'ஆயா' என்றும் 'சமையலம்மா' என்றும் அழைப்பது வழக்கமாக இருக்கிறது. செய்கிற வேலை சரக்கு மாஸ்டருடையது. மாஸ்டர் என்ற சொல்லுக்கு நம் பேச்சில் ஆண்பால் பெண்பால் ஒட்டு எதுவும் இல்லை. சம்பளப் பதிவேட்டில் 'சரக்கு மாஸ்டர்' என்றே எழுதி, அந்தப் பெயருக்கு உரிய சம்பளத்தையும் பக்கத்தில் எழுதுங்கள்.