புல்ஹெட் பாதையைப் பிரித்துப் புதிதாகப் போடுவது: தன்னார்வக் குழுக்களுக்கு

பிரிட்டனில் பாரம்பரிய ரயில் பாதைகளைத் தன்னார்வலர்கள் எடுத்து நடத்துவது 1951-ல் வேல்ஸின் டாலிலின் பாதையில் தொடங்கியது. அது 2 அடி 3 அங்குல அகலமுள்ள குறும்பாதை. இங்கே சொல்லப்போவது 4 அடி 8½ அங்குல, அதாவது 1435 மி.மீ. அகலமுள்ள பாதையில், பழைய புல்ஹெட் தண்டவாளத்தை மரக்கட்டைகள் மேல் மறுபடி போடும் வேலை. பெரும்பாலான பாதைகளில் வேகம் மணிக்கு 25 மைலைத் தாண்டாது. மெதுவாகத்தானே ஓடுகிறது என்று வேலையைக் குறைக்க முடியாது. வண்டியின் எடை பழைய எடைதான், மழையும் வெயிலும் வேகம் பார்த்து வருவதில்லை.

புல்ஹெட் தண்டவாளத்துக்கு அடியில் தட்டையான பாதம் கிடையாது. அது தானாக நிற்காது. சேர் எனப்படும் வார்ப்பிரும்புத் தாங்கிக்குள் அதை இறக்கி, வெளிப்பக்கம் ஓர் ஆப்பை அடித்து இறுக்க வேண்டும். தாங்கியைக் கட்டையோடு பிடிப்பவை மூன்று திருகாணிகள். 60 அடி நீளமுள்ள ஒரு பேனலுக்கு, அதாவது இரு தண்டவாளமும் அவற்றின் கட்டைகளும் சேர்ந்த ஒரு துண்டுக்கு, வேண்டிய சாமான்: 95 பவுண்டுத் தண்டவாளம் 2, கட்டை 24, தாங்கி 48, ஆப்பு 48, திருகாணி 144, திருகாணியைச் சுற்றி வரும் குழல்களும் அத்தனையே, தண்டவாள முனைகளை இணைக்கும் ஃபிஷ்பிளேட் 4, அவற்றுக்கு போல்ட் 8. ஆப்பும் குழலும் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக இருக்கட்டும். உடைவதும் ஜல்லிக்குள் தொலைவதும் இவைதான்.

95 பவுண்டு என்பது ஒரு கஜத்தின் எடை. ஆகவே ஒரு தண்டவாளம் சுமார் 860 கிலோ. 20 பேர் இடுக்கி போட்டுத் தூக்கினாலும் ஆளுக்கு 43 கிலோ விழும், அதுவும் காலுக்கடியில் ஜல்லி புரளும் இடத்தில். எனவே கையால் தூக்கும் எண்ணத்தை விடுங்கள். கிரேன் அல்லது தண்டவாளத்தில் ஓடும் எக்ஸ்கவேட்டர் கிடைக்கும் நாளுக்கு வேலையைத் தள்ளிவையுங்கள். அதற்கு வழியே இல்லையென்றால் உருளைகள் மேல் தள்ளி, கடப்பாரையால் நெம்பி நகர்த்துங்கள். தள்ளும்போது ஒருவர் மட்டுமே குரல் கொடுக்க வேண்டும். இரண்டு பேர் கட்டளையிட்டால் யாராவது ஒருவரின் விரல் போகும்.

பாதையை மூடுவது பற்றிச் சுருக்கமாக. அந்தப் பகுதிக்கான டோக்கன், அதாவது அதற்குள் ரயில் நுழைய அனுமதி தரும் அடையாளப் பொருள், பொறுப்பாளரின் கையில் வந்து சேரும்வரை யாரும் போல்ட்டைத் தொடக் கூடாது. இரு முனையிலும் சிவப்புக் கொடியும், சக்கரம் ஏறினால் வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும் வெடிச் சைகையும் வைக்கப்பட்டிருக்க வேண்டும். வேலை முடிந்தபின் ரயில் ஓடலாம் என்று கையெழுத்திட வேண்டியவர், தடப் பரிசோதனையில் தகுதி பெற்ற ஒருவர். அவர் முதல் நாளிலிருந்தே கூட இருந்தால் கடைசி நாளில் வாக்குவாதம் வராது.

பிரிப்பதற்கு முன்

எடுத்துப் போட்டபின் பழைய பாதை எங்கே இருந்தது என்பதற்குச் சாட்சி இருக்காது. பக்கத்தில், தோண்டும் எல்லைக்கு வெளியே, 10 மீட்டருக்கு ஒரு முளை அடியுங்கள். முளையிலிருந்து தண்டவாளத்தின் உள்விளிம்பு எவ்வளவு தூரம், அதன் தலை எவ்வளவு உயரம் என்று முளையிலேயே எழுதிவையுங்கள். வளைவாக இருந்தால் 20 மீட்டர் நூலைத் தண்டவாளத்தில் இழுத்துப் பிடித்து, நடுவில் நூலுக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதுங்கள். 400 மீட்டர் ஆரமுள்ள வளைவில் அது 125 மி.மீ. வரும். அடுத்தடுத்த அளவுகள் 110, 140, 118 என்று குதித்தால் பழைய பாதையே கோணலாக இருந்திருக்கிறது. அந்தக் கோணலை அப்படியே நகலெடுக்காமல் சராசரியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஃபிஷ்பிளேட் போல்ட்டுகளுக்கு ஒரு வாரம் முன்பே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். அப்படியும் அசையாததை வெட்டி எடுப்பதே மேல். ஒரு போல்ட்டோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டினால் குழு முழுவதும் வேடிக்கை பார்த்து நிற்கும்.

தாங்கிகளைக் கழற்றும்போதே தரம் பிரியுங்கள். சுத்தியால் தட்டினால் நல்ல தாங்கி கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது மந்தமாகச் சொத்தென்னும். 85 பவுண்டுத் தண்டவாளத்துக்கான பழைய தாங்கிகள் 95 பவுண்டுக் குவியலில் கலந்துவிடுவதும் உண்டு. வார்ப்பெழுத்தைப் பார்த்தே பிரிக்க வேண்டும். எல்எம்எஸ், ஜிடபிள்யூஆர் என்ற பழைய ரயில் நிறுவனங்களின் எழுத்துகளும் வார்த்த ஆண்டும் அதில் இருக்கும். ஆண்டைப் படிப்பது சுகமான பொழுதுபோக்குதான். ஆனால் தாங்கி பயன்படுமா என்பதைச் சுத்தியின் ஒலியை வைத்து முடிவு செய்யுங்கள்.

கிரியோசோட் என்ற மரக்காப்பு எண்ணெய் ஊறிய பழைய கட்டைகளைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், எரிக்கவே எரிக்காதீர்கள். அவை அபாயக் கழிவாகத்தான் போக வேண்டும்.

தண்ணீர்

பாதை கெடுவதற்கான காரணம் பெரும்பாலும் கட்டைக்கு அடியில் இருக்கும். தண்டவாளத்தை மாற்றிவிட்டு அடிமண்ணைத் தொடாமல் விட்டால், இரண்டாவது குளிர்காலத்தில் அதே இடத்தில் அதே பள்ளம் விழும். வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ சேறு ஜல்லிக்கு மேலே கக்கியிருக்கும் இடங்களைப் பிரிக்கும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். அங்கே களிமண் தண்ணீரில் ஊறி, ஒவ்வொரு சக்கரமும் அமுக்கும்போது கட்டையின் அடியிலிருந்து பீறிட்டு வருகிறது. அந்தச் சேறு கற்களுக்கு இடையே புகுந்துவிட்டால் தண்ணீர் வடிய வழியே இல்லை.

அந்த இடங்களில் கட்டையின் அடிப்பாகத்திலிருந்து 300 மி.மீ. வரை தோண்டுங்கள். மண்படுகையை நடுவில் உயர்த்தி இரு பக்கமும் சரிவாகவோ, வடிகால் ஒரு பக்கம்தான் என்றால் அந்தப் பக்கம் மட்டும் சரிவாகவோ சீவுங்கள். 30-க்கு 1 சரிவு போதும். அதன்மேல் மணல் ஒரு படுகை, அதற்கு மேல் தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் மண்துணி, அப்புறம்தான் ஜல்லி. துணியை நேராகக் களிமண்மேல் விரித்தால் சேறு அதன் கண்களை அடைத்துவிடும்.  பக்கவாட்டு வடிகாலின் அடி மண்படுகையைவிடத் தாழ்வாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்தே பாருங்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியும் வடிகால்களில் பாதி, தண்ணீரைப் பாதைக்குள்ளேயே திருப்பி அனுப்புகின்றன.

ஜல்லியும் கட்டையும்

கருங்கல் ஜல்லி, 28 முதல் 50 மி.மீ. வரை, முனை கூராக. ஆற்றுக் கூழாங்கல் உருளும், பூட்டிக்கொள்ளாது. கட்டைக்கடியில் 200 மி.மீ. வருமாறு ஒரு பேனலை முழுவதும் புதிதாக நிரப்பினால் 25 டன்னுக்கு மேல் செலவாகும். முதலில் அடிப்படுகையை மட்டும் பரப்பி அதிர்வுத் தட்டால் இறுக்குங்கள். இறுதி உயரத்துக்கு 50 மி.மீ. கீழேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பின்னால் பாதையைத் தூக்கிச் சரிசெய்ய அந்த 50 வேண்டும். கூடுதலாகப் போட்டுவிட்டுக் கட்டையை இறக்க முடியாது.

கட்டை 8½ அடி நீளம், 10 அங்குல அகலம், 5 அங்குல கனம். இணைப்புக்கு இரு பக்கமும் உள்ள கட்டைகளை மற்றவற்றைவிட நெருக்கமாகப் போடுங்கள்; சக்கரம் அங்கேதான் ஓங்கி அறைகிறது. இடங்களை ஒரு தண்டவாளத்தில் சுண்ணாம்பால் குறித்து, மூலைமட்டம் வைத்து எதிர்த் தண்டவாளத்துக்குக் கடத்துங்கள். கட்டையின் முனைகள் ஒரு பக்கம் மட்டும் நூல் பிடித்தாற்போல் இருந்தால் போதும்.

தாங்கிகளைக் கட்டையில் பொருத்தும் வேலையைக் கொட்டகையிலேயே அச்சு வைத்து முடித்துவிடுவது நல்லது. துளையைத் திருகாணியின் தண்டைவிடச் சற்றுச் சிறிதாகப் போடுங்கள், கடின மரத்தில் மென்மரத்தில் போடுவதைவிடக் கொஞ்சம் பெரிதாக. திருகாணியைச் சம்மட்டியால் அடித்து இறக்கி, கடைசி இரண்டு சுற்று மட்டும் திருப்புவதைப் பல இடங்களில் பார்க்கலாம். மரநார் கிழிந்துவிடும், ஆறு மாதத்தில் திருகாணியைக் கையாலேயே உருவிவிடலாம். குழலை மறந்தால் தாங்கி ஆடும், பாதையின் அகலம் மெல்ல விரியும். பழைய கட்டையைத் திரும்பப் போடுவதென்றால் பழைய துளையில் கடின மர முளை அடித்து, புதுத் துளையைத் தள்ளிப் போடுங்கள்.

இணைப்பு இடைவெளி

வேலை நடப்பது ஜனவரி, பிப்ரவரியில். பாதை வளைவதோ ஜூலையில். இந்த வேலையில் உயிருக்கு ஆபத்தான தவறு இதுதான்.

60 அடித் தண்டவாளம் ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 2.1 மி.மீ. நீளும். அதனால் இடைவெளி இப்படி: தண்டவாள வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே என்றால் 10 மி.மீ., 10 முதல் 24 வரை 6 மி.மீ., 24 முதல் 38 வரை 3 மி.மீ., அதற்கு மேல் இடைவெளி வேண்டாம். அளக்க வேண்டியது காற்றின் வெப்பம் அல்ல, தண்டவாளத்தின் வெப்பம். காந்த வெப்பமானியை நிழல் விழும் பக்கத்தில் ஒட்டி, சற்று நேரம் விட்டுப் பாருங்கள்.

5 டிகிரியில் வெறும் 3 மி.மீ. விட்டுப் போட்டதாக வைத்துக்கொள்வோம். 19 டிகிரியிலேயே இடைவெளி மூடிக்கொள்ளும். கோடையில் தண்டவாளம் 45 டிகிரிக்குப் போகும்போது ஒவ்வொன்றும் இன்னும் 5½ மி.மீ. நீளப் பார்க்கும். 20 தண்டவாளம் வரிசையாக இருந்தால் 11 செ.மீ. அது போக இடமில்லாமல் பாதை பாம்பாக நெளிந்து பக்கவாட்டில் தள்ளும்.

சரியான கனமுள்ள தகட்டை இணைப்பில் செருகி, தண்டவாளத்தை அதில் முட்டும்வரை தள்ளி, ஃபிஷ்பிளேட்டின் உள்முகத்தில் கிராஃபைட் மசகு பூசிப் போல்ட் போடுங்கள். இறுக்கமாக, ஆனால் தண்டவாளம் நகரும்படியாக. குழாய் செருகிய நீண்ட ஸ்பானரால் இரண்டு பேர் தொங்கி இறுக்கினால் இணைப்பு உறைந்துவிடும், விட்ட இடைவெளிக்கே பொருள் இல்லாமல் போகும். வேலை முடிந்ததும் தகடுகளை எண்ணி வெளியே எடுங்கள். கொண்டுவந்த எண்ணிக்கையும் எடுத்த எண்ணிக்கையும் பொருந்தாவிட்டால் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது.

தேய்ந்த தண்டவாளத்தோடு தேயாததை இணைத்தால் தலையில் படி விழும். முன்பே தலை உயரத்தை அளந்து, ஒத்த தேய்வுள்ளவற்றை அடுத்தடுத்து வையுங்கள். புதிதாகத் துளை வேண்டுமானால் துளைப்பானால் மட்டுமே. காஸ் வெட்டுச் சுடரால் ஓட்டை போட்டால் விரிசல் அங்கிருந்துதான் புறப்படும்.

வளைவில் உட்தண்டவாளம் முந்திக்கொண்டே போகும். 400 மீட்டர் ஆரத்தில் ஒரு பேனலுக்கு ஏறக்குறைய 69 மி.மீ. இணைப்புகள் எதிரெதிரே நிற்க, சற்றுக் குட்டையான தண்டவாளங்களை உட்பக்கத்துக்குத் தயாராக வையுங்கள். பழைய பாதையோடு சேரும் கடைசித் தண்டவாளமும் ஒருநாளும் அளவாக வந்து உட்காராது. அதை வெட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் 15 அடிக்குக் குறைந்த துண்டு போடாதீர்கள். தேவைப்பட்டால் முந்தையதையும் சேர்த்து வெட்டி இரண்டையும் நீளமாக்குங்கள்.

ஆப்பு அடிக்கும் திசைக்கும் காரணம் உண்டு. இரட்டைப் பாதையில் ரயில் போகும் திசையிலேயே அடிக்க வேண்டும், தண்டவாளம் நகரும்போது ஆப்பையும் இழுத்து இறுக்கும். ஒற்றைப் பாதையில் பாதி ஆப்பு ஒரு திசையிலும் மீதி எதிர்த் திசையிலும் போகட்டும். நாலைந்து கட்டைக்கு ஒருமுறை கேஜ் கம்பி வைத்து அகலம் பாருங்கள். புதிய வேலையில் 3 மி.மீ.-க்கு மேல் பிசகக் கூடாது.

தூக்கி இறுக்குதல்

ஜாக்கியால் ஒரே வீச்சில் 50 மி.மீ.-க்கு மேல் தூக்காதீர்கள். முதலில் ஒரு தண்டவாளத்தை உயர மட்டத்துக்குக் கொண்டுவந்து, பிறகு ரசமட்டத்தால் மற்றதை அதற்கு இணையாக்குங்கள். ஜல்லியை இறுக்க வேண்டியது தண்டவாளத்துக்கு இரு பக்கமும் சுமார் 400 மி.மீ. வரை மட்டும். கட்டையின் நடுவில் இறுக்கினால் கட்டை நடுவில் தாங்கி, முனைகள் தொங்கி, முறிந்துபோகும். உற்சாகமான புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு இது.

வளைவில் வெளித் தண்டவாளம் உயர வேண்டும். மணிக்கு 40 கி.மீ., 400 மீட்டர் ஆரம் என்றால் சமநிலைக்கு 47 மி.மீ. வருகிறது. அத்தனையும் கொடுக்கத் தேவையில்லை, ஆனால் கொடுத்த உயரத்தைப் படிப்படியாக ஏற்றி இறக்குங்கள். 3 மீட்டர் தூரத்தில் குறுக்கு மட்டம், அதாவது இரு தண்டவாளங்களின் உயர வேறுபாடு, 15 மி.மீ. மாறினால் அது 200-க்கு 1 முறுக்கு, திருத்தியாக வேண்டும். 90-க்கு 1 என்றால் ரயிலையே நிறுத்த வேண்டும். ஒரு சக்கரம் எடையிழந்து தண்டவாளத்தின்மேல் ஏறிவிடும். புதுப் பாதை பழையதைவிட 25 மி.மீ. உயர்ந்திருந்தால், அந்த ஏற்றத்தைக் குறைந்தது ஒரு தண்டவாள நீளத்துக்கு விரித்துவிடுங்கள்.

பிறகு கட்டைகளின் இடைவெளியையும், கட்டை முனைகளுக்கு வெளியே உள்ள தோள்களையும் ஜல்லியால் நிரப்புங்கள். பக்கவாட்டில் பாதையைப் பிடித்து நிறுத்துவது இந்தத் தோள் ஜல்லிதான். ஆப்புகள் மேலே ஜல்லி கிடந்தால் பரிசோதகர் கண்ணுக்குத் தளர்ந்த ஆப்பு தெரியாது, வாரி எடுங்கள்.

முதல் ரயில்கள் நடைவேகத்துக்குச் சற்று மேல் போகட்டும். அவை போனபின் ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள், சில தாழ்ந்திருக்கும். போல்ட்டுகளையும் திருகாணிகளையும் மறுபடி இறுக்கி, சில வாரம் கழித்து இன்னொரு முறை தூக்கி இறுக்க ஒரு வார இறுதியை இப்போதே நாட்காட்டியில் ஒதுக்கிவிடுங்கள். அந்த இரண்டாம் தூக்கலை வெயில் நாளில் செய்யாதீர்கள். கலைந்த ஜல்லிக்குப் பிடிப்பு குறைவு, சூடேறிய தண்டவாளம் அப்போதே நெளிந்துவிடலாம். மர ஆப்புகள் வறண்ட கோடையில் சுருங்கிக் கழன்று விழும். ஜூன் முதல் மழை திரும்பும்வரை பாதையில் நடப்பவர் கையில் ஆப்புச் சுத்தியும், பையில் உதிரி ஆப்புகளும் இருக்க வேண்டும்.