கபோசி சர்கோமா வேறு முகத்தோடு வந்தால் எப்படிப் பிடிப்பது?

கபோசி சர்கோமா என்பது எச்.எச்.வி.-8 என்ற வைரஸால் வரும் புற்றுநோய், எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களிடம் அதிகம். வழக்கமாகத் தோலில் ஊதாத் திட்டாக வரும், ஆனால் ஊதாத் திட்டு இருக்கிறதா என்று மட்டும் தேடாதீர்கள். கருமையான தோலில் அது பழுப்பாகவோ கறுப்பாகவோ தெரியும், வலியும் அரிப்பும் பெரும்பாலும் இருக்காது. எச்.ஐ.வி. உள்ளவர், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர் என்றால் முதலில் வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து மேலண்ணத்தையும் ஈறையும் பாருங்கள். தோலில் ஒன்றுமே இல்லாமல் அங்கே மட்டும் இருக்கலாம்.

அப்புறம் கால். ஒரு கால் வீங்கித் தோல் கெட்டிப்பட்டிருந்தால், திட்டு இல்லை என்பதற்காக யானைக்கால் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கிழக்கு ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் நிணநீர்க்கணு வீக்கமாக மட்டுமே வருவதுண்டு, காசநோய் என்று நினைத்து நாள் கடத்திவிடுவார்கள். இருமலில் ரத்தம், கறுப்பு மலம், காரணம் புரியாத ரத்தசோகை இருந்தால் நுரையீரலையும் குடலையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சந்தேகம் வந்தால் பயாப்ஸி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) கட்டாயம், அதில் எச்.எச்.வி.-8 வைரஸுக்கான சோதனையும் கேளுங்கள், ஏனென்றால் பார்ட்டனெல்லா கிருமியால் வரும் கட்டிகளும் பார்க்க அப்படியே இருக்கும், அவை ஆன்டிபயாட்டிக்கிலேயே கரைந்துவிடும். விடாத காய்ச்சலோ, நெஞ்சிலும் வயிற்றிலும் நீர் கோர்ப்பதோ இருந்தால் அதே எச்.எச்.வி.-8 வைரஸால் வரும் காசில்மன் நோயையும் (நிணநீர்க்கணுக்கள் வீங்கும் நோய்) லிம்போமாவையும் (நிணநீர்ப் புற்றுநோய்) சேர்த்துத் தேட வேண்டும். சிறுநீரகம் மாற்றியவர்கள் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தைத் தாங்களாக நிறுத்தவே கூடாது. அளவைக் குறைப்பதோ சிரோலிமஸ் என்ற அதே வகை வேறு மருந்துக்கு மாற்றுவதோ மருத்துவர் செய்ய வேண்டியது.