1500 மீற்றருக்கு முன் அப்பச்சோடா: எவ்வளவு, எப்போது, எப்படி

கடைசிச் சுற்று மணி அடிக்கும்போது தொடை இரண்டும் ஈரச் சாக்கு மாதிரிக் கனக்கும், தெரியும்தானே? வேகமாக ஓடும்போது தசைக்குள் அமிலத்தன்மை ஏறுவது அதற்கு ஒரு காரணம். அப்பத்துக்குப் போடும் சோடா, அதாவது சோடியம் பைகார்பனேற், இரத்தத்தில் நின்று அந்த அமிலத்தைத் தணிக்கும். தசையிலிருந்து அமிலம் சுறுக்காக வெளியேறும், கால் கொஞ்சம் பிந்திக் கனக்கும். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகத்தின் தடைப் பட்டியலில் இது இல்லை.

ஆனால் எல்லா ஓட்டத்துக்கும் இது உதவாது. அரை நிமிடத்திலிருந்து பன்னிரண்டு நிமிடம் வரை மூச்சு முட்ட ஓடும் போட்டிகளுக்குத்தான் நல்ல பலன்: 800, 1500, 3000 மீற்றர். மட்டக்களப்பில் கல்லடிப் பாலம் தாண்டி காத்தான்குடி வரை ஆறுதலாக ஓடிவிட்டு வருபவர் என்றால் சோடாவை அப்பத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நிறுக்க வேண்டும். உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 0.2 கிராமில் தொடங்குங்கள். 60 கிலோ என்றால் 12 கிராம். மேல் எல்லை 0.3, அதாவது 18 கிராம். மட்டமாக வழித்த ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 5 கிராம் வரும் என்றாலும் சின்ன டிஜிற்றல் தராசுதான் நம்பிக்கை. பேக்கிங் பவுடரை எடுத்துவிடாதீர்கள். அதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும்.

அப்புறம் சாப்பாடு. வெறும் வயிற்றில் தொடவே கூடாது. இரண்டு துண்டு பாண், ஒரு வாழைப்பழம் போதும்.

பிரித்துக் குடிப்பது. இதில்தான் நான் மாட்டினேன். முதல் தடவை 18 கிராமையும் ஒரே கிளாஸில் கலக்கி, ஒன்றும் சாப்பிடாமல், ஓட்டத்துக்கு நாற்பது நிமிடம் இருக்கும்போது மடமடவென்று குடித்தேன். கடற்தண்ணியில் சவர்க்காரம் கரைத்த ருசி. பத்து நிமிடத்தில் வயிறு ஊதியது, அப்புறம் இறங்கியது. ஒலிபெருக்கியில் என் பெயரை இரண்டு தரம் கூப்பிட்டார்களாம். நான் மைதானத்துக்குப் பின்னால், கதவு சரியாகப் பூட்டாத கழிப்பறையில் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

ஆகவே அளவை மூன்றாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பங்கையும் ஒரு பெரிய கிளாஸ் தண்ணீரில் கரைத்து, கால் மணிக்கு ஒன்றாகக் குடியுங்கள். ருசிக்காகத் தேசிக்காய் பிழிய நினைக்க வேண்டாம். நுரை பொங்கி, அமிலத்தைத் தணிக்கும் வேலை கிளாஸுக்குள்ளேயே முடிந்துவிடும்.

நேரம். குடித்து ஒன்று முதல் மூன்று மணித்தியாலத்துக்குள் இரத்தத்தில் உச்சம் வரும். அது ஆளுக்கு ஆள் மாறும். அதனால் பயிற்சி நாட்களில், கழிப்பறை பக்கத்தில் இருக்கிற இடமாகப் பார்த்து, இரண்டு மூன்று தடவை சோதியுங்கள். எத்தனை மணிக்குக் குடித்தேன், வயிறு எப்போது அடங்கியது, கடைசி 300 மீற்றர் எப்படிப் போனது என்று கொப்பியில் எழுதி வையுங்கள். போட்டி நாளில் முதல் பரிசோதனை வேண்டாம்.

இன்னொன்று, உப்பு. 18 கிராம் சோடாவில் கிட்டத்தட்ட 5 கிராம் சோடியம் இருக்கிறது, 12 கிராம் உப்பில் இருக்கிற அளவு. ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் நிற்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரஷர், சிறுநீரகம், இதயம் என்று ஏதும் இருந்தால், அல்லது தினமும் மருந்து எடுப்பவர் என்றால், டொக்டரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம். பாடசாலைப் பிள்ளைகளுக்கு இது தேவையே இல்லை.

பீற்றா அலனைன் என்று டப்பாவில் விற்கும் அமினோ அமிலம் ஒன்றும் உண்டு. அது தசைக்குள்ளேயே அமிலத்தைத் தணிக்கும் கார்னோசின் என்ற பொருளைக் கூட்டும், ஆனால் ஒரு நாளில் நடக்காது. தினமும் 4 முதல் 6 கிராம் வரை, பிரித்துப் பிரித்து, குறைந்தது நான்கு கிழமை எடுக்க வேண்டும். முகத்தில் எறும்பு ஊர்வது போலிருக்கும், பயப்படத் தேவையில்லை. டப்பாவில் வரும் எதிலும் தடைசெய்த பொருள் கலந்திருக்கக்கூடும். பரிசோதனையில் பிடிபட்டால் பொறுப்பு ஓடினவர் தலையில்தான். ஆகவே மூன்றாம் தரப்பு பரிசோதித்த முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சோடாவுக்கே வருகிறேன். எங்கள் பக்கம் 8 மணி என்று போட்ட ஓட்டம் பிரதம விருந்தினர் வந்த பிறகுதான் தொடங்கும். முதல் கிளாஸைக் கலக்க முன்னம், உண்மையில் எத்தனை மணிக்கு ஓட விடுவார்கள் என்று நடுவரிடம் ஒருக்கால் கேளுங்கள். குடித்த பிறகு இழுபட்டால் இன்னொரு பங்கு போட வேண்டாம்.